ஏழு நாற்பத்திரண்டு படகில் ஒரு சாண் இடம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஒட்டுக்கேட்டது. எதிர்க்கரையிலிருந்து ஒஸ்லோவுக்குக் காலை ஏழு நாற்பத்திரண்டுக்குப் புறப்படும் படகில், திறந்த மேல்தளத்தில், நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்து, செய்தித்தாள் படிக்கிற பாவனையில் நான் ஒட்டுக்கேட்டது. காதில் விழாத இடங்களில் இட்டுக்கட்டினேன். எது கேட்டது, எது கட்டியது என்று திங்கட்கிழமை எனக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. இன்று வெள்ளிக்கிழமை, எல்லாம் கலந்துவிட்டது.

கதையை முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

ஒஸ்லோவில் வசந்தம் வந்துவிட்டது. மரங்களெல்லாம்—

அடித்துவிட்டேன். மரங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஏப்ரல் கடைசியில் இங்கே அவை குச்சி குச்சியாகத்தான் நிற்கும். வசந்தத்தை மரத்தில் தேடுகிறவர் வெளியூர்க்காரர், மனிதர்களிடம்தான் தேட வேண்டும். எட்டு டிகிரிக் குளிரில், தெற்குப் பார்த்த சுவர் ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஜனங்கள் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து, வடகம் காய்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கைக்குழந்தைகள் வண்டியோடு கடை வாசலில் தூங்கும். ஐஸ்கிரீம் வாங்க வரிசை நிற்கும், வரிசையில் நிற்பவர்கள் கையுறை போட்டிருப்பார்கள்.

இரண்டாவது ஆரம்பம்:

பதினோரு வருஷமாக ரன்வைக் அந்த மனிதரைக் காதலித்—

இதையும் அடித்தேன். அந்தச் சொல்லை முகத்துக்கு நேரே சொன்னால் ரன்வைக் படகிலிருந்து குதித்துவிடுவாள். தண்ணீர் இன்னும் ஆறு டிகிரிதான்.

மூன்றாவது ஆரம்பம் கீழே இருக்கிறது. இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

2.

ரன்வைக்குக்கு வசந்தம் என்றாலே வசவுதான்.

அவள் நகரத்தின் சாலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பனிக்கட்டியில் ஜனங்கள் வழுக்கி விழக்கூடாது என்று குளிர்காலம் முழுக்கத் தெருத்தெருவாகச் சரளைக்கல் இறைக்கிறார்கள். ஏப்ரலில் அத்தனையையும் பெருக்கி அள்ள வேண்டும். பெருக்கும் வண்டி வர வேண்டுமானால் தெருவோரக் கார்களை எடுக்க வேண்டும். ‘நாளைக் காலை ஏழு மணிக்குள் எடுத்துவிடவும்’ என்று பலகை வைக்க ஏற்பாடு செய்கிறவள் ரன்வைக். எடுக்காத காரை இழுத்துப் போகச் சொல்கிறவளும், பிறகு தொலைபேசியில் அர்ச்சனை வாங்கிக் கட்டிக்கொள்கிறவளும் அவளேதான். வருஷம் முழுக்க வாயைத் திறக்காத ஜனங்கள் சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் ஏப்ரலில் அவளிடம் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆனாலும் அவளுக்கு அந்த வேலையில் ஒரு பெருமை உண்டு. பெருக்கி முடித்த தெருவில் காலடியில் நறநறவென்ற சத்தம் இல்லாமல் நடக்கும்போது, இது நான் இந்த ஊருக்குச் செய்து கொடுத்தது என்று நினைத்துக்கொள்வாள். (அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நானாகக் கொடுத்த நினைப்பு. ஆனால் நடையைப் பார்த்தால் பொருந்துகிறது.)

வயது ஐம்பத்து மூன்று. விவாகரத்தாகிப் பல வருஷமாகிவிட்டது. சிவப்புக் குல்லாய். கூடவே எப்போதும் ஒரு பெரிய கான்வாஸ் பை.

எதிர் பெஞ்சில் ஹால்வர் உட்கார்வார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, காது மட்டும் பெரியது. குளிர்கோட்டுக்குள் சுங்கத்துறையின் நீலச் சட்டை தெரியும். அவர் கையில் ஒரு பிளாஸ்க் கொடுத்திருந்தேன், பிறகு பிடுங்கிக்கொண்டேன். இந்தப் படகில் எல்லார் கையிலும் பிளாஸ்க்தான், அதை வைத்து ஆளை அடையாளம் காட்ட முடியாது.

பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் அவர் வந்து உட்காருவார். ரன்வைக்கைப் பார்த்துத் தலையசைப்பார். அவளும் அசைப்பாள். நம் ஊர்த் தலையாட்டலை நினைத்துவிடாதீர்கள். மோவாய் அரை அங்குலம் இறங்கி ஏறும், அவ்வளவுதான். பிறகு இருபத்து நாலு நிமிஷம் இருவரும் கடலைப் பார்ப்பார்கள். படகு நிற்கும். இறங்குவார்கள். பேர் தெரியாது, ஊர் தெரியாது, குரல்கூடத் தெரியாது.*

* ஒரே ஒரு சம்பவம் உண்டு. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஹால்வர் இறங்கிப் போகையில் ஒரு கையுறையை நழுவவிட்டார். அவர் பத்தடி தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். ரன்வைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல், இங்கே எல்லோரும் செய்வது போலவே, கையுறையை எடுத்துத் துறையின் கம்பத்தில் விரல் மேலே பார்க்கச் செருகிவிட்டுப் போனாள். மறுநாள் அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைய தலையசைப்பு கொஞ்சம் நீளம். அன்று அவள் அந்தச் சந்தோஷத்தில் எத்தனை காரை இழுக்காமல் விட்டாளோ தெரியாது.

3.

இப்போது சிக்கலைச் சொல்ல வேண்டும். கதை என்றால் சிக்கல் வேண்டுமே. இது நான் கட்டியதல்ல, செவ்வாய்க்கிழமை சுளையாகக் காதில் விழுந்தது.

செவ்வாய்தோறும் ரன்வைக்கின் தங்கை சிக்னே கூட வருவாள். நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு படகு முழுக்கக் கேட்கும்படி பேசுகிற பிறவி. (தங்கையின் பேர் மட்டும் நிஜம். ரன்வைக் வாயிலிருந்தே கேட்டேன். தமக்கையைச் சிக்னே ஏதோ செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், எனக்கு அது பிடிபடவில்லை. ‘அக்கா’ என்று போட்டுக்கொண்டேன்.)

“வெள்ளிக்கிழமையோட முடியுதாக்கா?”

“முடியுது. ஆபீஸை மேல பள்ளத்தாக்குப் பக்கம் மாத்திட்டாங்களே. திங்கட்கிழமைலேருந்து பஸ்ஸுதான்.”

“அவருகிட்ட சொல்லிட்டியா?”

“எவருகிட்ட?”

“எவருகிட்டயா! கடலைப் பாக்குற மாதிரி உன்னைப் பாத்துக்கிட்டு எதுத்தாப்ல உக்காந்திருக்காரே, அவருகிட்டதான்.”

“மெதுவாப் பேசேன்டீ.”

“அவருக்கு எங்க கேக்கப் போவுது, இன்ஜின் சத்தத்துல.”

(எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் காற்றடிக்கும் பக்கம் உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் அந்தக் காது இரண்டும் காட்டிக் கொடுத்திருக்கும்.)

“பேராச்சும் தெரியுமா?”

“தெரியாது.”

“பதினோரு வருஷம்க்கா!”

“அதான்டீ பிரச்சினையே. மொத மூணு வாரத்துக்குள்ள கேட்டிருக்கணும். இப்பப் போய் உங்க பேரென்னன்னு கேட்டா, இத்தனை வருஷமா ஏன் கேக்கலன்னு ஆகாதா?”

“அவரும்தான் கேக்கல.”

“அவரு மரியாதை தெரிஞ்சவரு.”

“ரெண்டு பேரும் மரியாதையிலயே மண்டையைப் போட்டுருங்க.”

ரன்வைக் சிரித்துவிட்டாள். ஆனால் திங்கட்கிழமைக் காலையை நினைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டில் அவளைத் தேடுகிறவர் யாருமில்லை, அலுவலகத்தில் தேடுகிறவர்கள் எல்லாம் திட்டத்தான் தேடுகிறார்கள். ஒரு நாளில் ஒருவராவது அவளைப் பார்த்ததும் நிம்மதியாகிறார் என்றால் அது இந்தப் பெஞ்சில்தான். அந்த அரை அங்குலத்தை விட்டுவிட்டு அவள் பஸ்ஸில் ஏறி யார் முதுகைப் பார்க்கப் போகிறாள்? அவருக்குத் தெரியாமலே போய்விடுவோம் என்பதுதான் அவளை அதிகம் உறுத்தியது. செத்துப்போய்விட்டாளோ என்றுகூட நினைப்பாரே.

(மேலே உள்ள பத்தி முழுக்க நான் எழுதியது. என்றாலும் அன்று இறங்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருந்தது.)

4.

புதன்கிழமை வெயில் அடித்தது. மேல்தளத்தில் இடம் பிடிக்க எல்லோரும் ஓடினார்கள். ஓடவில்லை, இங்கே யாரும் ஓடமாட்டார்கள், வேகமாக நடந்தார்கள். ஹால்வரின் இடத்தில் ஒரு ஜெர்மன் தம்பதி, மிதிவண்டித் தலைக்கவசத்தோடு, வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பாவம், அவர்களுக்கென்ன தெரியும்.

ஹால்வர் மேலே வந்தார். தன் இடத்தைப் பார்த்தார். அது காலியில்லை. ரன்வைக்கின் பெஞ்சில் அவள் பக்கத்தில் ஒரு ஆள் தாராளமாக உட்கார இடம் இருந்தது. நடுவில் அவளுடைய பை மட்டும் இருந்தது.

ரன்வைக் பையைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தபடியே, கை மட்டும் தனியாக வேலை செய்கிற மாதிரி, பையைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்துக்கொண்டாள்.

ஒரு சாண்தான். ஆனால் இந்த ஊரில் அது வாசலில் கோலம் போட்டு வரவேற்பதற்குச் சமம். ஹால்வர் அதைப் பார்த்தார். இரண்டு காதும் செக்கச் சிவந்துவிட்டன. ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

ஹால்வர் அவள் பக்கத்தில் உட்கா—

இல்லை. உட்காரவில்லை. நான் உட்காரவைத்துப் பார்த்தேன், ஆள் மசியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபத்து நாலு நிமிஷமும் நின்றுகொண்டே வந்தார். தண்ணீரில் மிதந்த வாத்துக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுகிறவர் போல ஒரு முகம். தளத்தில் அத்தனை கம்பி இருக்க, அவர் நின்ற இடம் மட்டும் ரன்வைக்கின் பெஞ்சுக்கு இரண்டு கை தூரத்தில் இருந்தது.

படகு கரை சேர்ந்தபோது, நகர மண்டபத்துக்கு முன்னால் பள்ளி வாத்தியக் குழு ஒன்று மே பதினேழு தேசிய தின ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. முரசு ஒரு பக்கம் போக, ஊதுகுழல்கள் வேறு பக்கம் போயின. ரன்வைக் அந்தக் கோணல் தாளத்துக்குச் சரியாகக் காலெடுத்து வைத்து நடந்து போனாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு கை தூரத்துக்கு இத்தனை சந்தோஷப்படலாமா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

5.

இந்த இடத்தில் எனக்கு ஹால்வர் மேல் சந்தேகம் வந்தது.

என் பாத்திரம்தான், நான் வைத்த பேர்தான். ஆனாலும் ஒன்று இடித்தது. அத்தனை வெயிலில் படகே கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஹால்வர் மட்டும் கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்டிருந்தார், அந்த நீலச் சட்டை கண்ணில் பட்டே பல மாதமிருக்கும். அன்று எட்டரை மணிக்கு நான் காப்பி வாங்க அலுவலகத்திலிருந்து வெளியே வந்தால், துறைமுகத்தின் தெற்குச் சுவரில், காய்கிற வடக வரிசையில் அவரும் ஒருவராகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். சுங்க அலுவலகம் எட்டு மணிக்கே திறந்துவிடும்.

இவருக்கு நான் ஒரு குற்றப் பின்னணி எழுதத் தொடங்கினேன். கடத்தல், இடைநீக்கம், ஒரு மர்மப் பெட்டி, அதற்குள்— வேண்டாம். அந்தக் காதை வைத்துக்கொண்டு எவனும் கடத்தல் செய்ய முடியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் எதிர்க்கரையில் இறங்கியதும் யோருனிடம் போனேன். படகுத்துறையில் காப்பியும் பன்னும் விற்கிறவள் யோருன். வடக்கே, சூரியன் இரண்டு மாதம் தலைகாட்டாத ஊரிலிருந்து வந்தவள். அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசுவார்கள், திட்டுவார்கள், ஒளித்து வைக்க மாட்டார்கள். எனக்கு இந்த ஊரில் பாதி சேதி அவளிடமிருந்துதான் கிடைக்கிறது. கதையை அதுவரை எழுதியதை அவள் பாஷையில் சொன்னேன். பெஞ்சு, தலையசைப்பு, ஒரு சாண், ஜிப், சுவர் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவரா? அக்டோபர்லயே ரிட்டையர் ஆயிட்டாரேப்பா.”

“அப்ப தினம் காலையில எங்க போறாரு?”

“எங்கயும் போகல. படகுல போறாரு. சுவத்துல கொஞ்ச நேரம் சாஞ்சிருப்பாரு, ஒன்பது மணிப் படகுல திரும்பி வந்து எங்கிட்ட பன்னு வாங்கித் தின்னுட்டு வீட்டுக்குப் போவாரு.”

“மழையிலயுமா?”

“ஜனவரியில மைனஸ் பதினாலு. மீசையில பனிக்கட்டி தொங்குது. அன்னிக்கும் போனாரு.”

“எதுக்கு?”

யோருன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முப்பது வருஷமா இங்க குப்பை கொட்டுறே. எழுதுறவன்னு வேற சொல்லிக்கிறே. எதுக்குன்னு எங்கிட்ட கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

அவள் கேட்ட பிறகு வெட்கமாகத்தான் இருந்தது. ஏழு மாதமாக ஒரு மனிதர், உள்ளே நீலச் சட்டை இல்லாதது தெரியாமல் கோட்டை மூடிக்கொண்டு, இல்லாத வேலைக்குக் காலை ஏழு நாற்பத்திரண்டுக்குப் போய்வருகிறார். அரை அங்குலத்துக்காக. பன் ஒன்று வாங்கினேன்.

“அந்த அம்மாவுக்கு இது தெரியுமா, யோருன்?”

“தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

“இப்ப எங்கிட்ட சொல்லிட்டியே.”

“உங்கிட்ட சொன்னா சேத்தியில்ல. நீ தமிழ்ல எழுதப் போறே. இந்தப் படகுல அதை ஒரு நாயாவது படிக்குமா?”

நாளைக்கு அந்த அம்மாவுக்குக் கடைசிப் படகு என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். யோருன் வடக்கத்தி வசவு ஒன்றை உதிர்த்தாள். அதை இங்கே எழுத முடியாது, அதில் குதிரையும் கடவுளும் வருகிறார்கள்.

“அப்ப திங்கட்கிழமை அந்த மனுசன் வந்து காலிப் பெஞ்சுக்கா தலையாட்டுவாரு? ஏதாச்சும் பண்ணுடா!”

“நான் என்ன பண்றது? எழுதுறவன் கதைக்குள்ள மூக்கை நுழைக்கக் கூடாது. தப்பாயிடும்.”

“கதையா? அங்க உக்காந்திருக்கிறது ரெண்டு மனுசங்க. உன் பேப்பர்ல என்னவா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும்.”

“நீயே சொல்லலாமே.”

“நான் சத்தியம் பண்ணியிருக்கேன். நீ பண்ணல.”

(யோருனுக்கு அவருடைய நிஜப் பேர் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் கதையில் வைத்த பேர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

6.

நேற்று வீட்டுக்கு வந்து முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், வெள்ளிக்கிழமை படகு பாதி தூரம் வந்ததும் ரன்வைக் எழுந்து போய் “இன்னிக்குத்தான் எனக்குக் கடைசி நாள்” என்கிறாள். அவர் “நான் அக்டோபர்லயே ரிட்டையர் ஆயிட்டேன்” என்கிறார். சிரிக்கிறார்கள், காப்பி குடிக்கப் போகிறார்கள், வெளியே போட்ட நாற்காலியில் கம்பளியை மூடிக்கொண்டு மத்தியானம் வரை பேசுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். எனக்கும் பிடிக்கிறது. நம் ஊர்ப் படகாக இருந்தால் இரண்டாவது நாளே முட்டிவலிக்கு என்ன தைலம் என்பது வரைக்கும் போயிருப்பார்கள், இந்தக் கதையே பிறந்திருக்காது. ஆனால் ரன்வைக்கை எழுந்திருக்க வைக்கிற இடத்தில் என் பேனா நாலு முறை நின்றது. அவள் என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியவில்லை.

இன்னொன்று இப்படி: வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை ரன்வைக் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். பஸ் நிறுத்தத்தைப் பார்க்கிறாள். கால் படகுத்துறைக்குப் போகிறது. நகரம் வரை படகில் போய், அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு இரண்டு பஸ் மாறி, முக்கால் மணி நேரம் தாமதமாக அலுவலகம் சேர்கிறாள். தங்கையிடம் மறைக்கிறாள். படகில் எதிரில் ஹால்வர் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். தலையசைக்கிறார்கள். போக வேண்டிய அவசியமே இல்லாத இரண்டு பேர், மற்றவர் அவசியமாகப் போகிறார் என்று நம்பிக்கொண்டு, இன்னும் பதினோரு வருஷம்—

இதை எழுதும்போது வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன், நிறுத்தாமல் வந்தது. அப்புறம்தான் பயம் பிடித்தது. நான் எழுதியதிலேயே நடக்கக்கூடியது இதுதான். இந்த ஊரில் இது நடந்துவிடும். ஏற்கெனவே எத்தனை படகில் நடந்துகொண்டிருக்கிறதோ. தாளைக் கிழித்தேன்.

மூன்றாவது முடிவில் ஒரு பெரிய அலை வந்து— சீ. உள்கடலில் ஏது பெரிய அலை.

7.

இப்போது வெள்ளிக்கிழமை, காலை ஏழு ஐம்பத்தொன்பது. படகில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். படகு ஆடுகிறது, எழுத்துக் கோணினால் மன்னியுங்கள்.

நல்ல வெயில். கரையில் ஆட்கள் தங்கள் படகுகளின் குளிர்கால மூடாக்கை உருவி உதறிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் இல்லை. ஹால்வர் அவர் இடத்தில் இருக்கிறார். முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார், காது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ரன்வைக் மடியில் பையில்லை, ஒரு அட்டைப் பெட்டி இருக்கிறது. அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் கேக்காக இருக்கும், இங்கே பிரிந்து போகிறவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும். சிக்னே இன்று வரவில்லை.

தலையசைத்தாயிற்று. நான் பார்த்தேன். சாதாரண நீளம்தான்.

சின்னக் கலங்கரை விளக்கைத் தாண்டும்போது ரன்வைக் வாயைத் திறந்தாள். என் பேனா நின்றுவிட்டது. அவர் உடனே நிமிர்ந்தார். அவள் திறந்த வாயைக் கொட்டாவி போல ஆக்கி மூடிக்கொண்டாள். அவர் மறுபடி கடலைப் பார்க்கத் தொடங்கினார். அவர் கை கோட்டின் ஜிப்பில் இருக்கிறது, கீழே இழுக்கவுமில்லை, விடவுமில்லை.

இன்னும் ஏழு நிமிஷம்.

ஐந்து நாளாக இந்த இருவரையும் கேலி செய்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருஷம் பேர் கேட்காத ஜனங்கள் என்று. இந்தப் படகில் எனக்கு எத்தனை வருஷம் என்று நீங்கள் கேட்கவில்லை. பதினாலு வருஷம். இரண்டு பேரும் என்னைப் பார்த்தும் தலையசைப்பார்கள், நானும் அசைப்பேன். அவர்கள் பேர் எனக்குத் தெரியாது. ‘ரன்வைக்’, ‘ஹால்வர்’ என்று நான் பேர் வைத்தது கலையல்ல. கேட்கக் கூச்சம். பேர் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பேர் வைத்தேன்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. அவர் ஏன் இந்தப் படகில் வருகிறார் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு இன்று கடைசி நாள் என்றும் தெரியும். மதுரையில் இதைப் படிக்கிறவருக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தில் படிக்கிறவருக்குத் தெரியும், சிங்கப்பூரில் ரயிலில் படிக்கிறவருக்கும் தெரியும். எனக்கு நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்குத் தெரியாது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், அவர்கள் காதில் மட்டும் விழாத பாஷையில்.

நகர மண்டபத்தின் கோபுரங்கள் தெரிகின்றன. இன்னும் நாலு நிமிஷம்.

எழுதிக்கொண்டிருக்கும் வரை நான் எழுந்திருக்க முடியாது. ஆகவே முடிவை எழுதப் போவதில்லை. இதுவரை நான் செய்த கோழைத்தனங்களில் இது சேராது என்று நம்புகிறேன்.

யாரிடம் முதலில் போவது என்பதுதான் புரியவில்லை. அவளிடம் போய் அவர் ரிட்டையரானவர் என்று சொன்னால், சத்தியத்தை மீறியவளாக யோருன் நிற்பாள். அவரிடம் போய் அவளுக்கு இன்று கடைசிப் படகு என்று சொன்னால், ஒட்டுக்கேட்டவனாக நான் நிற்பேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அந்தப் பக்கம் என்னைத் திருப்பிவிடுங்கள். சீக்கிரம். இன்ஜின் சத்தம் குறைகிறது, ஜனங்கள் எழுந்திருக்கிறார்கள், அவள் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

எந்தப் பக்கம் போனாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான். இங்கேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடுகிறேன்.

“மன்னிச்சுக்குங்க, ரொம்ப லேட்டாத்தான் கேக்குறேன், உங்க பேரு என்ன—